ரோயிங் மெஷினில் எதிர்ப்பை எந்த எண்ணில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோயிங் மெஷினில் புதிதாக உட்காருகிறவர்களின் கை முதலில் போவது பக்கவாட்டில் இருக்கும் லீவருக்குத்தான். அதை எந்த எண்ணில் வைப்பது என்ற கேள்வி நான் பயிற்சி சொல்லித்தரும் உடற்பயிற்சிக் கூடத்தில் வாரம் தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கூடங்களில் அதிகம் காணப்படுவது காற்றின் எதிர்ப்பில் இயங்கும், கான்செப்ட்2 நிறுவனத்தின் மெஷின் என்பதால் முதல் பகுதி அதைப் பற்றியது. காந்தம், தண்ணீர், ஹைட்ராலிக் வகைகள் பின்னால் வருகின்றன.

பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட லீவர் இருக்கிறதே, அது எதற்கு?

மெஷினின் முன்பக்கத்தில் வட்டமான கூட்டுக்குள் ஒரு விசிறிச் சக்கரம் இருக்கிறது. நீங்கள் கைப்பிடியை இழுக்கும்போது சங்கிலி அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் காற்றைத் தள்ளுகிறது. லீவர் செய்வதெல்லாம் கூட்டுக்குள் காற்று நுழையும் வழியைத் திறப்பதும் மூடுவதும்தான். இந்த அமைப்புக்கு டாம்பர் என்று பெயர். 1-இல் வழி ஏறக்குறைய மூடியிருக்கும், 10-இல் முழுவதும் திறந்திருக்கும்.

காற்று அதிகம் நுழைந்தால் இரண்டு விளைவுகள். சக்கரத்தைச் சுழற்றுவது கடினமாகிறது. நீங்கள் முன்னே திரும்பி வரும் அந்த இரண்டொரு நொடியில் சக்கரம் வேகத்தை அதிகம் இழந்தும் விடுகிறது. வீசி ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை லேசாகத் தள்ளினாலே போதும், நின்றுபோன ஊஞ்சலைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். லீவர் 10-இல் இருக்கும்போது ஒவ்வொரு இழுப்பிலும் நீங்கள் செய்வது இரண்டாவது வேலை.

10-இல் வைத்தால்தானே நல்ல உடற்பயிற்சி? 3-இல் வைத்தால் வேலையே இல்லாததுபோல் இருக்கிறதே!

இந்த ஒரு தவறான எண்ணத்தைப் போக்கவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். ட்ரெட்மில்லில் வேகத்தை மெஷின் தருகிறது, எடைக் கருவியில் சுமையைத் தட்டு தருகிறது. காற்றில் இயங்கும் ரோயிங் மெஷினில் எதிர்ப்பைத் தருவது உங்கள் கால்கள். எவ்வளவு விரைவாக மிதித்துத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு காற்று எதிர்த்து நிற்கும். லீவர் 3-இல் இருந்தாலும் முழு வேகத்தில் மிதித்தால் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். அங்கே வேலை இல்லாததுபோல் தோன்றினால் நீங்கள் இன்னும் விரைவாக மிதிக்கவில்லை என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள். திரையில் தெரியும் 500 மீட்டர் நேரம் (அதே வேகத்தில் 500 மீட்டர் போக ஆகும் நேரம்) 2:30, அதாவது இரண்டரை நிமிடம் என்றால் நீங்கள் செலுத்தும் ஆற்றல் சுமார் 104 வாட். 2:15 என்றால் 142 வாட். 2:00 என்றால் 203 வாட். வேகம் நான்கில் ஒரு பங்கு கூடுவதற்கு ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது. லீவர் எந்த எண்ணில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 10-இல் வைத்து 2:30-இல் இழுப்பவரைவிட 4-இல் வைத்து 2:10-இல் இழுப்பவர்தான் அதிகம் உழைக்கிறார்.

புதிதாகத் தொடங்குகிறேன். சுற்றி வளைக்காமல் ஓர் எண் சொல்லுங்கள்.

4. உடல் சிறியவராகவோ வயதானவராகவோ இருந்தால் 3. தயாரிப்பாளர்களே 3 முதல் 5 வரை வைத்துத் தொடங்கச் சொல்கிறார்கள். முதல் மாதம் அந்த லீவரைத் தொடாதீர்கள். கால், உடல், கை என்ற வரிசையில் இழுத்து, கை, உடல், கால் என்ற வரிசையில் திரும்பப் பழகுங்கள். அது கைவந்த பிறகு எண்ணைப் பற்றிப் பேசலாம்.

கலோரி அதிகம் எரிய வேண்டுமென்றால் லீவரை ஏற்ற வேண்டாமா?

வேண்டாம். திரையில் வரும் கலோரி, மேலே சொன்ன வாட் கணக்கிலிருந்து வருகிறது. லீவர் எந்த எண்ணில் நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் நேரடியாக இல்லவே இல்லை. அந்தக் கலோரி சுமார் 79 கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 55 கிலோ எடையுள்ளவர் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. 10-இல் வைத்தவர் ஆறு நிமிடத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். 4-இல் வைத்தவர் இருபத்தைந்து நிமிடம் தொடர்ந்து இழுக்கிறார். கலோரி யாருக்கு அதிகம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கூடத்தில் இரண்டு மெஷின்கள். இரண்டையும் 5-இல் வைத்தால் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருக்கிறது. எது பழுது?

பெரும்பாலும் எதுவும் பழுதில்லை. லீவரில் இருக்கும் எண், வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு மெஷினின் கூட்டில் தூசி அடைத்திருந்தால் லீவர் 5-இல் நின்றாலும் காற்று 3-க்கு உரிய அளவுதான் போகும்.

உண்மையான அளவைச் சொல்வது டிராக் ஃபேக்டர் என்ற எண். நீங்கள் முன்னே திரும்பும் நேரத்தில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை மெஷினின் கணினி ஒவ்வொரு இழுப்புக்கும் அளந்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. சுத்தமான மெஷினில் லீவர் 1-க்கு இது சுமார் 70 முதல் 90 வரை இருக்கும். 4-க்குப் பக்கத்தில் 120 அளவில் வரும். 10-இல் 200-ஐத் தாண்டும். இரண்டு மெஷின்களிலும் டிராக் ஃபேக்டரை ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். லீவர் ஒன்றில் 4-இலும் மற்றதில் 6-இலும் நிற்கலாம், ஆனால் இழுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

டிராக் ஃபேக்டரை எங்கே பார்ப்பது? எங்கள் திரையில் அப்படி எதுவும் வருவதில்லையே.

அது தானாக வராது, நாம்தான் வரவழைக்க வேண்டும். பிஎம்5 திரை உள்ள மெஷினில் முதன்மைப் பட்டியலில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்துங்கள், அதற்குள் ‘டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்’ இருக்கும். பழைய பிஎம்3, பிஎம்4 திரைகளிலும் தேடினால் இதே வசதி உண்டு. பிறகு வழக்கமான வேகத்தில் ஐந்தாறு முறை இழுங்கள். நடுவில் எண் தோன்றும். லீவரைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி சில முறை இழுங்கள், எண் மாறும். வேண்டிய எண் வந்ததும் பட்டியலுக்குத் திரும்பிப் பயிற்சியைத் தொடங்கலாம்.

மெல்ல இழுத்தாலும் ஓங்கி இழுத்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. அளக்கப்படுவது சக்கரம் தானாக வேகம் குறையும் விதம், உங்கள் பலம் அல்ல. எண்ணைக் கூட்டுவதற்காக யாரும் வேகமாக இழுக்கத் தேவையில்லை.

சரி, எனக்கு எவ்வளவு டிராக் ஃபேக்டர் வைக்கலாம்?

அனுபவத்தில் நான் சொல்லும் எல்லைகள் இவை. உடல் எடை குறைந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், பதின்ம வயதினர் ஆகியோருக்கு 90 முதல் 110. பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 125. உயரமும் பலமும் உள்ள, இழுக்கும் முறை நன்றாகப் படிந்தவர்களுக்கு 125 முதல் 140. அதற்கு மேல் நீண்ட பயிற்சி செய்ய வேண்டிய காரணம் யாருக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த எல்லைக்குள் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. உடல் சூடான பிறகு, நிமிடத்துக்கு 22 இழுப்பு என்ற கணக்கில் 105, 115, 125 ஆகிய மூன்று எண்களிலும் நான்கு நான்கு நிமிடம் இழுங்கள். நடுவில் நன்றாக ஓய்வு எடுங்கள். 500 மீட்டர் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி நிமிடத்தில் கால் இன்னும் விரைவாகத் தள்ளுகிறதா, அல்லது முதுகு வேலையை வாங்கிக்கொண்டதா என்று கவனியுங்கள். கால் விரைவு குறையாத எண்களில் பெரியது எதுவோ அதுவே உங்களுக்கானது.

ஆறு மாதத்துக்கு முன் 4-இல் 120 வந்தது. இப்போது 5-இல் வைத்தாலும் அது வருவதில்லை. மெஷின் தேய்ந்துவிட்டதா?

தூசி. கைபேசியின் டார்ச்சைப் போட்டுக் கூட்டின் ஓட்டைகள் வழியாக உள்ளே பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தைபோல் ஒட்டியிருக்கும். மக்களின் உடையிலிருந்தும் துண்டிலிருந்தும் தரைவிரிப்பிலிருந்தும் உதிரும் நூல்தூசியை அந்த விசிறி நாள் முழுவதும் உறிஞ்சுகிறது. சாலையோரக் கூடமாக இருந்தால் மண்தூசியும் சேரும்.

லீவரை முழுவதும் திறந்து வைத்து, வேக்குவம் கிளீனர் கொண்டு ஓட்டைகளின் மேல் நன்றாக உறிஞ்சுங்கள். அதற்கும் போகாவிட்டால் வெளிப்புற வலையைத் திருகாணி கழற்றி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்த உடனே டிராக் ஃபேக்டரைப் பார்க்க மறக்காதீர்கள். பழைய பழக்கத்தில் லீவரை 5-இலேயே விட்டுவிட்டால் மறுநாள் காலை எல்லோருக்கும் மெஷின் திடீரென்று கனத்துப்போகும்.

சென்னையில் 4-இல் இழுப்பேன். ஊட்டியில் அக்கா வீட்டருகே உள்ள கூடத்தில் அதே 4 மிகவும் லேசாக இருந்தது. ஏன்?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறிக்குத் தள்ளக் கிடைக்கும் காற்று குறைகிறது, டிராக் ஃபேக்டரும் குறைகிறது. அங்கே லீவரை ஒன்றிரண்டு எண் ஏற்றி உங்கள் வழக்கமான டிராக் ஃபேக்டருக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அங்கே குறைவு, அதை எந்த லீவராலும் சரிசெய்ய முடியாது. முதல் சில நாள்கள் நேரம் கூடி வந்தால் கவலைப்படாதீர்கள்.

வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மே மாத மதியத்தில் குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் எண் சில புள்ளிகள் இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். வித்தியாசம் சிறியது, அதற்காக மெஷினைச் சந்தேகிக்க வேண்டாம்.

லீவரை இறக்கி வைத்தால் திரை ஏமாந்து அதிகத் தூரம் காட்டிவிடாதா?

காட்டாது. ஒவ்வோர் இழுப்புக்கும் டிராக் ஃபேக்டரை அளப்பதே அதற்காகத்தான். லேசான அமைப்பில் சக்கரம் வேகமாகச் சுழலும். அது லேசாக இருப்பதால்தான் அப்படிச் சுழல்கிறது என்பது கணினிக்குத் தெரியும், அதற்கேற்பக் கழித்துக் கணக்குப் போடும். ஊட்டியில் எடுத்த நேரத்தையும் சென்னையில் எடுத்த நேரத்தையும் ஒப்பிட முடிவதும் இதனால்தான்.

3-இல் என் 500 மீட்டர் நேரம் 2:25, 7-இல் 2:18. அப்படியென்றால் 7-தானே எனக்குச் சரி?

நியாயமான கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் இல்லை. லேசான அமைப்பில் சக்கரம் ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து மேலும் வேகப்படுத்த, முன்னே வந்து நின்ற கணத்திலேயே கால் பாய்ந்து தள்ள வேண்டும். புதியவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் வருவதில்லை. கால் பாதி நீண்ட பிறகுதான் சங்கிலி இறுகுகிறது, பாதி இழுப்பு வீணாகிறது. 7-இல் சக்கரம் மெதுவாக ஓடுவதால் மந்தமான காலுக்கும் அது அகப்பட்டுவிடுகிறது. அந்த ஏழு நொடி வித்தியாசம் உங்கள் இழுப்பில் உள்ள குறையை மறைத்துத் தருவது.

500 மீட்டரை விடுங்கள். 20 நிமிடம் 7-இல் இழுங்கள், இரண்டு நாள் கழித்து 20 நிமிடம் 4-இல் இழுங்கள். இரண்டிலும் கடைசி ஐந்து நிமிட வேகத்தையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 7-இல் தொடங்கிய பலரின் வேகம் பாதி நேரத்துக்குப் பிறகு சரிவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சரியவில்லை, முதுகும் நன்றாக இருக்கிறது என்றால் உங்கள் டிராக் ஃபேக்டர் 120-ஐவிடச் சற்று மேலே இருக்கலாம். அப்போதும் மேலே சொன்ன 140 என்ற எல்லையைத் தாண்ட வேண்டாம்.

இழுத்த மறுநாள் இடுப்பு வலிக்கிறது. எண்ணைக் குறைத்தால் போதுமா?

உடனே குறையுங்கள், டிராக் ஃபேக்டரை 100-க்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கனமான அமைப்பில் அதிகபட்சச் சுமை விழுவது இழுப்பின் தொடக்கத்தில், அதாவது முழங்கால் மடங்கி, உடல் முன்னே சாய்ந்து, கீழ்முதுகு வளைய வாய்ப்புள்ள நேரத்தில்.

யாரையாவது பக்கவாட்டிலிருந்து உங்களைக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். இருக்கை ஒரு சாண் பின்னால் வழுக்கிப் போன பிறகும் கைப்பிடி நின்ற இடத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் கால் தள்ளியது கைப்பிடிக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு முதுகு நிமிர்ந்து அந்த மொத்தச் சுமையையும் தூக்குகிறது. எண் எதுவாக இருந்தாலும் இது வலிக்கத்தான் செய்யும். இருக்கையும் கைப்பிடியும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். வலி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ மெஷினை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கணவரும் நானும் ஒரே மெஷினில் பயிற்சி செய்கிறோம். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள், ஐந்து நொடி வேலைதான். உங்கள் 105-க்கு லீவர் எங்கே நிற்கிறது, அவருடைய 125-க்கு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்து, கூட்டின் ஓரத்தில் சிறிய ஒட்டுத்தாளில் குறித்துவையுங்கள். லீவர் இரண்டு எண்களுக்கு இடையிலும் நிற்கும். மாதம் ஒருமுறை அந்தக் குறிகளைச் சரிபார்த்தால் போதும்.

எங்கள் வீட்டில் இருப்பது காந்த மெஷின், 16 நிலைகள் இருக்கின்றன. இதில் 8 என்றால் கான்செப்ட்2-இல் எத்தனை?

ஒப்பிட வழியில்லை. காந்த வகையில் உலோகச் சக்கரத்துக்கு அருகில் காந்தங்கள் இருக்கும். நிலையை ஏற்றினால் காந்தம் சக்கரத்தை நெருங்கும், இழுவை கூடும். 16 நிலைகளைப் பிரித்த விதம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. ஒரு மெஷினின் 8 இன்னொரு காந்த மெஷினின் 8-க்கே சமமாக இருக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காற்று வகையில் வேகம் கூடக்கூட எதிர்ப்பு செங்குத்தாக ஏறும். காந்த வகையில் அந்த ஏற்றம் மெதுவானது. அதனால் இங்கே நிலையை மாற்றுவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருள் இருக்கிறது. நிமிடத்துக்கு 22 முதல் 24 இழுப்பில், இருபது நிமிடம் ஒழுங்கு குலையாமல் இழுக்க முடிகிற நிலையைத் தேர்ந்தெடுங்கள். திரையில் வரும் தூரத்தை உங்கள் பழைய தூரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் அதே நிலையில்.

தண்ணீர்த் தொட்டி உள்ள மெஷினில் லீவரே இல்லையே, எப்படிக் கூட்டுவது?

வேகமாக இழுத்துத்தான். தொட்டிக்குள் இருக்கும் துடுப்பு தண்ணீரைச் சுழற்றுகிறது. காற்று வகையைப் போலவே உங்கள் வேகமே எதிர்ப்பு. தண்ணீரின் அளவைக் கூட்டினால் சுழற்ற வேண்டிய எடை கூடும், அந்த அளவில் அது டாம்பரை ஒத்தது. தொட்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குறிகளில் தயாரிப்பாளர் சொல்லும் உயரத்துக்கு நிரப்பிவிட்டு அதை மறந்துவிடுங்கள். பயிற்சிக்குப் பயிற்சி தண்ணீரை ஏற்றி இறக்குவது வீண் வேலை.

ஆழ்குழாய்த் தண்ணீர் தொட்டியில் உப்புப் படிய வைக்கும். வடிகட்டிய தண்ணீரே நல்லது. பாசி பிடிக்காமல் இருக்க மெஷினோடு தரும் மாத்திரையை மட்டும் போடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் தொட்டியே கெட்டுப்போகலாம்.

ஹைட்ராலிக் மெஷின் பத்து நிமிடம் ஆனதும் லேசாகிவிடுகிறதே?

உருளைக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி இளகுகிறது, எதிர்ப்பு இறங்குகிறது. அந்த வகையின் இயல்பு அது. தொடக்கத்தில் ஒரு நிலை குறைவாக வைத்து, பாதியில் ஒரு நிலை ஏற்றிக்கொள்ளலாம். உருளையைத் தொட்டுவிடாதீர்கள், சுடும். இரண்டு பக்கமும் தனித்தனி உருளை இருந்தால் இரண்டையும் ஒரே நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் உடல் ஒரு பக்கமாகத் திருகி இழுக்கும்.

படகுப் போட்டி வீரர்கள் 10-இல்தானே இழுப்பார்கள்?

இல்லை. அவர்கள் பயிற்சி செய்வது பெரும்பாலும் டிராக் ஃபேக்டர் 110-க்கும் 140-க்கும் நடுவில், அதாவது நம்மைப் போலவே லீவர் 3 முதல் 5 வரை. கான்செப்ட்2 மெஷினே படகு வீரர்களுக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் துடுப்பு செய்துகொண்டிருந்த டிக், பீட் டிரெய்சிகாக்கர் சகோதரர்கள் 1981-இல் முதல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நதி உறைந்துபோகும் குளிர்காலத்தில் படகோட்டிகள் பயிற்சி விடாமல் இருப்பதற்கு அது உதவியது. விரைவுப் படகு தண்ணீரில் வழுக்கிச் செல்லும் உணர்வை ஒத்திருப்பது நடுத்தர எண்தான்.

2,000 மீட்டர் உள்ளரங்கப் போட்டிகளிலும் எல்லோருக்கும் ஒரே எண் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு உகந்ததை வைத்துக்கொள்ளலாம். விரும்பினால் 10-இல் வைக்க யாரும் தடுக்கப்போவதில்லை. தேர்ந்தவர்கள் வைப்பதில்லை.

அப்படியென்றால் லீவரை ஏற்றிப் பயிற்சி செய்யவே கூடாதா? பலம் கூட வேண்டாமா?

செய்யலாம், அதற்கென்று இடம் இருக்கிறது. இழுக்கும் முறை படிந்த பிறகு, வாரம் ஒருநாள், உடல் நன்றாகச் சூடான நிலையில் லீவரை 8-க்கு மேல் ஏற்றி, பத்து இழுப்புகள் முழு பலத்தோடு இழுத்து இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். இப்படி நான்கைந்து சுற்று. இழுப்புகள் குறைவு, ஓய்வு நீளம் என்பதால் முதுகு களைத்து வளைவதற்கு முன்பே சுற்று முடிந்துவிடும். ஆறாவது, ஏழாவது இழுப்பிலேயே இருக்கை முந்திக்கொண்டு ஓடுகிறது என்றால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

முதுகுவலி இருந்தவர்களும் தொடங்கி மூன்று மாதம் ஆகாதவர்களும் இதைச் செய்ய வேண்டாம். பலம் வேண்டுமென்றால் அவர்களுக்கு எடைப் பயிற்சி இருக்கிறது. முடித்துவிட்டு எழும்போது லீவரை 4-க்கு இறக்கி வையுங்கள். அடுத்து வந்து உட்காருபவர் புதியவராக இருந்தால் அதைச் சரிபார்க்காமலே இழுக்கத் தொடங்கிவிடுவார்.